ஃபூஷுன் வரைபடத்தின் முதல் ஆணி

முப்பத்திரண்டு வயதில் எனக்குப் பணி ஓய்வு விருந்து வைத்தார்கள். நிறுவனம் எங்கள் வரைபடப் பிரிவை மொன்றியலிலிருந்து கல்கரிக்குக் கொண்டுபோக முடிவு செய்தபோது, கூடப் போக விரும்பாதவர்களுக்குக் கேக் வெட்டி, ஆளுக்கொரு பயணப் பை கொடுத்து வழியனுப்பினார்கள். நான் போக விரும்பாதவன். அம்மாவின் இரத்த அழுத்தமும், செயின்ட்-மிஷேலில் அவருக்குப் பழகிப்போன நாலு தெருவும்தான் காரணம். எங்கும் போகாதவனுக்குப் பயணப் பை எதற்கு என்று நான் கேட்கவில்லை. நல்ல பை.

இப்போது புவியியல் ஆசிரியராவதற்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் கல்கரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பழைய வரைபடம் ஏதாவது படியாமல் முரண்டு பிடித்தால் என்னைத்தான் அழைக்கிறார்கள். பிரிவோடு அங்கே போன கார்த்திக் சென்னைக்காரன், எங்கள் மென்பொருளைக் கவனித்தவன். போன வாரம் அவன் தொலைபேசியில் சொன்னான்:

"அண்ணா, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு, ஃபூஷுன் கதைய ஒரே தடவ எழுதிக் குடுத்துடுங்க. ரிடையர் ஆனவங்க எல்லாம் எழுதுவாங்கல்ல?"

"எனக்கு முப்பத்திரண்டு வயசு."

"கேக் சாப்ட்டீங்கல்ல? அப்ப ரிடையர்தான்."

அதனால் எழுதுகிறேன்.

படித்த காலத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை படித்து முடித்த முதல் ஆள் நான். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்போம். கிழக்குப் பக்கம் எழுவான்கரை. அப்பாவும் அம்மாவும் படுவான்கரையில் வயல் செய்தவர்கள். பதினாறு வயதில் மொன்றியலுக்கு வந்தேன். பிரெஞ்சு வகுப்பு, தொழில்நுட்பக் கல்லூரி, நில அளவை, பனிக்காலத்தில் கையுறை போட்ட விரலால் கருவியைத் திருகும் பயிற்சி. பிறகு வேலை. முதல் நாள் அம்மா கேட்டார்:

"என்ன வேல மனே?"

"மேப் கீறுற வேலம்மா."

"இவ்வளவு காலமாகியும் உலகத்தக் கீறி முடிக்கல்லையா?"

"பழைய மேப்ப புது மேப்புக்கு மேல சரியா வைக்கிற வேல."

"அப்பிடிச் சொல்லு. ஒட்டுற வேல."

அம்மா சொன்னது கிட்டத்தட்ட சரிதான். சுரங்கம் வெட்டியவர்கள் எங்கெங்கே வெட்டினார்கள் என்று தாளில் வரைந்து வைத்திருப்பார்கள். சுரங்கம் மூடிப் பல காலமான பிறகு, கீழே வெற்றிடம் இருப்பது தெரியாமல் மேலே ஆட்கள் வீடு கட்டிவிடுவார்கள். அந்தப் பழைய தாளை வானிலிருந்து எடுத்த இன்றைய செய்மதிப் படத்தின்மேல் அதற்குரிய இடத்தில் வைத்தால்தான் எந்த வீட்டுக்குக் கீழே பள்ளம் இருக்கிறதென்று சொல்லலாம். வைப்பதற்கு இரண்டிலும் உள்ள ஒரே இடங்களைத் தேட வேண்டும். ஒரு பாலம், ஒரு கோபுரம், ஒரு மலையுச்சி. அப்படிக் கண்டுபிடிக்கும் ஒவ்வோர் இடத்தையும் நாங்கள் ஆணி என்போம். நாலு ஆணி அடித்தால் தாள் அசையாது. முதல் ஆணி பிழையானால் மற்ற மூன்றையும் அது தன் பக்கம் இழுத்துவிடும்.

முதல் ஆணி எங்கே என்பதில் எங்கள் பிரிவில் பேச்சுக்கே இடமில்லை. ரயில் நிலையம். அது ஜில்லின் சட்டம்.

ஜில் எங்கள் தலைவர். இங்கே மேலாளரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது வாயில் வரவில்லை. 'மிஸ்டர் ஜில்' என்று ஒரு நடுவழியைப் பிடித்தேன். "என்னை மிஸ்டர் எண்டு கூப்பிடுறது நீயும் என்ட வங்கியும்தான்," என்றார். அவருடைய பிரெஞ்சை என் தமிழில்தான் எழுத முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள். வீடு இல்-பிசார் தீவில். கோடையில் படகேறி லவாலுக்குப் போய் ஆப்பிள் வாங்கி வருவார். மேசை இழுப்பறை முழுக்க ஆப்பிள். நாங்கள் ஏதாவது சொல்ல அவர் அறைக்குப் போனால், மடக்குக் கத்தியால் ஒரு துண்டு வெட்டிக் கத்தி முனையிலேயே நீட்டுவார். அதை வாங்கிவிட்டால் சொல்ல வந்ததை முழுவதும் சொல்லித்தான் ஆக வேண்டும். சரி என்றோ பிழை என்றோ அவர் சொன்னதே இல்லை. "காட்டு" என்பார். 'நான் நினைக்கிறேன்' என்று ஆரம்பித்தீர்களோ, கத்தியை மடக்கிவிடுவார்.

அவர் பிறந்தது கியூபெக்கின் கல்நார்ச் சுரங்க ஊர் ஒன்றில். குழி பெரிதாகப் பெரிதாக வீடுகளைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். அவர் திருமுழுக்குப் பெற்ற தேவாலயம், படித்த பள்ளி, கடைத்தெரு எல்லாம் இடம் மாறின. ரயில் பாதை மட்டும் மாறவில்லை. கல்நாரை ஏற்றிக்கொண்டு போக அது வேண்டுமே. "கோயிலை நம்பாத. வீட்டை நம்பாத. ரயில் நிலையத்தை நம்பு," என்பார். தன் ஊர் முழுக்க நகர்வதைக் கண்ணால் பார்த்த மனிதன் சொல்வதை யார் மறுப்பது?

எங்களுக்கு ஃபூஷுன் வேலை வந்தது நான் சேர்ந்து சில வருடங்களுக்குப் பிறகு.

ஃபூஷுன் வடகிழக்குச் சீனாவில் இருக்கிறது. ஹுன் ஆறு கிழக்கிலிருந்து மேற்காக நகரை ஊடறுத்துப் போகும். ஆற்றுக்கு வடக்கே குன்றுகளும் பழைய கோட்டை ஊரும், தெற்கே நிலக்கரி. கரிக்கு மேலே எண்ணெய் கசியும் ஒரு பாறை அடுக்கு வேறு. அப்போது சீனாவை ஆண்ட அரச வம்சத்தின் முன்னோர் கல்லறைகள் அந்தப் பக்கத்தில் இருந்ததால், மண்ணின் நரம்பு அறுந்துவிடும் என்று நெடுங்காலம் அங்கே தோண்டவே விடவில்லை. தடை தளர்ந்த பிறகு உள்ளூர் வணிகர்கள் வந்தார்கள், ரஷ்யர்கள் வந்தார்கள், அவர்களைப் போரில் வென்று ஜப்பானியர் வந்தார்கள். ஜப்பானியர் ஆழச் சுரங்கமும் வெட்டினார்கள், வானம் பார்த்த பெருங்குழியும் தோண்டினார்கள். அவர்கள் போன பிறகு புதிய சீனா அதே குழியை இன்னும் அகலமாக்கியது. நாட்டின் நிலக்கரித் தலைநகர் என்று அந்த ஊருக்குப் பெயர். செய்மதிப் படத்தில் அந்தக் குழியைப் பார்த்தபோது, செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய கல்லுடைப்புக் குழியை அதற்குள் பல தடவை போட்டு மூடலாம் போலிருந்தது.

நாங்கள் வேலையை எடுத்த காலத்தில் கரி குறைந்து, குழியின் கரைகள் சரிந்து, நகரத்தில் அங்கங்கே நிலம் தாழத் தொடங்கியிருந்தது. எந்தக் குடியிருப்பை முதலில் அப்புறப்படுத்துவது என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஜப்பானியர் காலத்துச் சுரங்கத் தாள்களை எங்களிடம் தந்தார்கள். ஒரு தாள் என் கைக்கு வந்தது. பழைய, ஆழமில்லாத சுரங்கப் பாதைகள். அந்தப் பாதைகளுக்கு மேலே யார் தூங்குகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது தவணை ஒப்பந்த வேலைதான். முடியும்போது தொடர்வதா இல்லையா என்று ஜில் எழுதுவார்.

தாளில் ரயில் நிலையம் அழகாக வரையப்பட்டிருந்தது. முன்னால் ஒரு சதுக்கம், அதிலிருந்து விரிந்து போகும் தெருக்கள். செய்மதிப் படத்திலும் நிலையம், சதுக்கம், தெருக்கள். முதல் ஆணியை அங்கே அடித்தேன். மற்ற மூன்றையும் அதைச் சுற்றிப் பார்த்துப் பார்த்து அடித்தேன். கார்த்திக் கணினியில் பிழையளவைப் பார்த்தான்.

"சூப்பர்ணா. எரர் ரொம்பக் கம்மி. இதுக்கு மேல கம்மியானா சந்தேகப்படணும்."

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. தாளை வைத்த இடத்தில் சுரங்கப் பாதைகளின் ஒரு முனை கரிப்படுகையைத் தாண்டி வெறும் பாறைக்குள் போயிற்று. கரி வெட்டப் போனவன் பாறைக்குள் ஏன் போனான்? ஜில்லிடம் கேட்டேன்.

"பாறைக்குள்ளயும் வழி வெட்டுவாங்க. காற்றுக்கு, தண்ணிக்கு," என்றார்.

"இவ்வளவு தூரம் வெட்டுவாங்களா, மிஸ்டர் ஜில்?"

"வெட்டல்லை எண்டு காட்டு."

வாய்க்குள் ஆப்பிள் துண்டோடு வெளியே வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் ஒன்றுகூடல். தேவாலயம் ஒன்றின் நிலவறை மண்டபத்தில் சோறு கறி, சிறுபிள்ளைகளின் ஆட்டம், நடுவில் ஒரு பதாகை. பதாகையில் பள்ளிக்கூடத்தின் படத்தை யாரோ வரைந்திருந்தார்கள். என்னைவிட மூத்தவரான பேரின்பம் அண்ணன், வசதியான புறநகர் கர்க்லாண்டில் வீடு வாங்கியவர், அதைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"ஆர்கா இதக் கீறினது? எங்கட பள்ளிக்குப் பின்னால தென்னந்தோட்டம் எங்க இருந்தது? பின்னால வாவியெல்லோ."

வரைந்தவன் என் வகுப்பு ரகு. "வாவியா? அண்ணன், நான் அந்தத் தோட்டத்துல குரும்பட்டி பொறுக்கி விளையாடினவன்."

"நான் அந்த வாவியில நீந்தினவன்."

"வேற பள்ளியில படிச்சிட்டு வந்து எங்கட சோத்தத் தின்னுறிங்களோ?"

மண்டபமே சிரித்தது. இரண்டு பேரும் சொன்னது உண்மை. போர் நேரத்தில் ஊர் கலைந்தபோது எங்கள் பள்ளிக்கூடமும் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தது. அதே பெயர், அதே அதிபர், அதே பெயர்ப்பலகை. தென்னந்தோட்டத்து ஓலைக் கொட்டிலில் மறுபடி தொடங்கியது. நாங்களும் அதைப் புதுப் பள்ளி என்று சொன்னதில்லை.

"பலகையக் கழட்டித் தோணியில ஏத்தினதே நான்தான்," என்றார் பேரின்பம் அண்ணன். "பள்ளி எண்டா பலகைதானே. மறுகா அத எங்க நட்டாலும் பள்ளி அங்கதான்."

நான் சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றேன். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண், "தம்பி, போடுறீங்களா, இல்ல கரண்டியத் தாறீங்களா?" என்று கேட்ட பிறகுதான் அசைந்தேன். ஃபூஷுன் நிலையத்தின் பலகையைப் பார்த்து நான் ஆணி அடித்திருந்தேன். அந்தப் பலகையையும் யாராவது ஏற்றிக்கொண்டு போயிருந்தால்?

மறுநாள் காலை நேராக லின்னிடம் போனேன். லின் எங்கள் நிலவியலாளர். ஃபூஷுனில் பிறந்து, சிறு வயதிலேயே வெளியே போனவர். அவருடைய அப்பா அந்தச் சுரங்கத்தில் வேலை செய்து இப்போதும் அங்கேயே இருக்கிறார். "உங்கட ஊர் ரயில் நிலையம் எப்பவும் அந்த இடத்துலதானா?" என்று கேட்டேன். லின் யோசித்தார். "என் காலத்தில் அங்கேதான்," என்றார். பிறகு, "அப்பாவைக் கேட்போம். அங்கே இப்போது இரவுச் சாப்பாட்டு நேரம்," என்று தொலைபேசியை எடுத்தார்.

சீன மொழியில் நீண்ட பேச்சு. நடுவில் லின் கையால் தொலைபேசியைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எந்த நிலையம் என்று கேட்கிறார். முதல் நிலையமா, இப்போது இருப்பதா?"

"முதல் நிலையம் எங்க?"

லின் கேட்டார். மறுமுனையில் சிரிப்பது எனக்கே கேட்டது.

"குழிக்குள்ளேயாம். அது நின்ற இடத்தில் இப்போது காற்றுதான் இருக்கிறதாம்."

கதை இதுதான். பழைய ஊர் மேற்கே இருந்தது. ஊருக்குக் கீழே நல்ல கரி இருப்பதைக் கண்டதும், ஜப்பானியர் ஊரையே கிளப்பிக் கிழக்கே மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோனார்கள். கடைத்தெரு, நாடக அரங்கு, ரயில் நிலையம் எல்லாம். பழைய ஊர் நின்ற நிலத்தைக் குழி தின்றது. அதே கைகள் இரண்டாவது ஊரையும் வரைந்ததால் சதுக்கமும் தெருக்களும் அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. நான் முதல் ஊரின் தாளை இரண்டாவது ஊரின்மேல் வைத்து ஆணி அடித்திருந்தேன்.

"இத ஏன் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லல்ல?"

லின் கேட்டுச் சொன்னார்: "ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததை யார் யாருக்குச் சொல்வது என்கிறார்."

ஜில்லிடம் இதை மட்டும் கொண்டுபோனால் என்ன சொல்வார் என்று தெரியும். ஒரு கிழவரின் சிரிப்பைக் காட்ட முடியாது. ஆகவே தாளுக்குத் திரும்பினேன். நகராத ஒன்று வேண்டும். தாளின் மேல் விளிம்பில் மெல்லிய பென்சில் கோடுகள் ஓடி மறைவதை முன்பே பார்த்திருந்தேன், அழுக்கென்று விட்டிருந்தேன். கோடுகளுக்குப் பக்கத்தில் இருந்த எழுத்துகளை லின் வாசித்தார். அளவையாளர்கள் தூரத்துக் குறிகளை நோக்கிய கோடுகள் அவை. ஒரு கோடு ஆற்றுக்கு வடக்கே குன்றின் மேலுள்ள பழைய புத்த கோபுரத்துக்குப் போயிற்று. அந்தக் கோபுரம் ஜப்பானியருக்கும் ரஷ்யருக்கும் பல நூறு ஆண்டுகள் முந்தியது, இன்றும் நிற்கிறது. மற்றவை குன்றுகளின் உச்சிகளுக்குப் போயின. குன்றின் கீழ் கரி இல்லை, அதனால் யாரும் அதை நகர்த்தவில்லை.

நிலையத்து ஆணியைப் பிடுங்கினேன். கோடுகளைத் தாளுக்கு வெளியே நீட்டி, கோபுரத்தில் ஒன்று, உச்சிகளில் மூன்று அடித்தேன். தாள் மேற்கே நகர்ந்து போய் உட்கார்ந்தது.

கார்த்திக் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "எரர் ஏறிடுச்சுண்ணா."

"ஏறட்டும். தாளப் பார்."

அவன் பார்த்தான். முன்பு நாலு ஆணியும் ஒத்துப்போவதற்காகக் கணினி தாளை ரப்பர்போல் வளைத்திருந்தது. இப்போது தாள் வளையாமல் நேராகக் கிடந்தது. சுரங்கப் பாதைகள் ஒன்றுகூடப் பாறைக்குள் போகவில்லை. எல்லாம் கரியோடு ஓடின.

"போன தடவ பொய்யை அழகா ஃபிட் பண்ணியிருக்கோம்," என்றான்.

அப்போதுதான் இன்னொன்றைப் பார்த்தோம். குழி இன்னும் எட்டாத மேற்கு ஓரத்தில் செங்கல் மாடிக் குடியிருப்பு வரிசை ஒன்று இருந்தது. ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே இருந்தன. முதல் வரைபடத்தில் அதற்கு நாங்கள் பச்சை நிறம் கொடுத்திருந்தோம். பயமில்லை என்று அர்த்தம். இப்போது அந்த வரிசை முழுக்கப் பழைய பாதைகளின் மேலே நின்றது.

இரண்டு வரைபடங்களையும் கண்ணாடித் தாளில் அச்செடுத்து ஜில்லின் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். அவர் எனக்கு ஆப்பிள் நீட்டவில்லை. முழுப் பழத்தையும் தானே வெட்டி வெட்டித் தின்றுகொண்டு பார்த்தார். மேல்தாளை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"என்ட ஊரில எல்லாம் போச்சு. ரயில் மட்டும் நிண்டது," என்றார் கடைசியில்.

"அவங்கட ஊர்ல ரயிலும் போயிருக்கு, மிஸ்டர் ஜில்."

"நீ சொல்றது சரியாயிருக்கலாம். ஆனா முதல் வரைபடத்தை அவங்களுக்கு அனுப்பியாச்சு. இப்ப இன்னொண்டை அனுப்பினால், எதை நம்புறது எண்டு கேப்பாங்க. அங்க நிலத்தில ஒரு துளை போட்டுப் பார்க்கச் சொல்லுவன். ஒண்டுதான் போடுவாங்க. எங்க எண்டு நீ குறி."

"பிழையாப் போனால்?"

"பிழையாப் போனால் பழைய வரைபடம்தான். அந்த ஆக்கள் அங்கேயே இருப்பாங்க. உன்ட ஒப்பந்தத்தைப் பற்றிக் கதைக்க என்னட்டையும் ஒண்டும் இராது."

என் ஒப்பந்தம் எனக்குப் பெரிதாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டு வாடகை நான்தான் கட்டினேன். ஆனால் துளையிடும் இடத்தைத் தேடும்போது அந்தச் செங்கல் வரிசைதான் கண்ணில் நின்றது. கரிச் சுரங்கத்தில் எல்லாவற்றையும் வெட்டிவிட மாட்டார்கள். கூரையைத் தாங்கப் பெரிய பெரிய கரித்தூண்களை விட்டுவிடுவார்கள். துளை ஒரு தூணில் இறங்கினால் முழுக்கக் கெட்டி என்று அறிக்கை வரும். சுற்றிலும் வெற்றிடம் இருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே இரண்டு பாதைகள் ஒன்றையொன்று வெட்டும் சந்தியைத் தேடினேன். அங்கேதான் வெற்றிடம் அகலம். என் கணக்கு கொஞ்சம் விலகினாலும் தப்பாது. வரிசையின் நடு முற்றத்துக்குக் கீழே அப்படியொரு சந்தி இருந்தது. சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் குறி வைத்தேன்.

லின் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தார். "இலையுதிர்காலம். அந்த முற்றத்தில் குளிர்காலத்துக்கான முட்டைக்கோவாவை அடுக்கி வைத்திருப்பார்கள். கிழவிகள் துளைக்காரரை அடிப்பார்கள்."

"கொஞ்சம் தள்ளட்டா?"

"தள்ளாதே. கோவாவைத் தள்ளலாம்."

துளையிட்ட நாளின் செய்தி எங்கள் காலை நேரத்தில் வந்தது. அங்கே வேலை முடித்து வந்த பொறியியலாளர் லின்னை அழைத்தார். ஜில் தன் அறையிலிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றார். லின் துண்டு துண்டாகச் சொன்னார்.

"கோவாவுக்காக ஒரு பெரிய சண்டை நடந்ததாம். பிறகு தொடங்கினார்களாம். மேல் மண். களிமண்." நிறுத்திக் கேட்டார். "பாறை." மறுபடி கேட்டார். "இன்னும் பாறை."

"கடைசி வரிய முதல்ல சொல்லச் சொல்லுங்க," என்று கார்த்திக் முனகினான்.

"அவர் அப்படிச் சொல்ல மாட்டார். பாறை. பிறகு கரி." லின் தொலைபேசியைக் காதோடு இன்னும் அழுத்திக் கேட்டார். மறுமுனையில் பொறியியலாளர் பேசிக்கொண்டே போனார். கரி என்றால் தூண். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

லின் என் பக்கம் திரும்பினார். கண் பெரிதாகியிருந்தது.

"மெல்லிய கரி. கூரைக் கரியாம். அதைத் தாண்டியதும் துளைத்தண்டு தானாகக் கீழே விழுந்ததாம். பிடித்து நிறுத்த வேண்டியிருந்ததாம். ஊற்றின தண்ணீர் திரும்பி வரவில்லை. துளையிலிருந்து மரச்சிராய் வந்திருக்கிறது. பழைய சுரங்கத்தின் கூரையைத் தாங்கிய முட்டுக்கட்டை."

கார்த்திக் என் முதுகில் ஓங்கி அடித்தான். அந்த அடி இன்னும் நினைவிருக்கிறது. லின் ஒரு கையால் தொலைபேசியைப் பிடித்தபடி மற்றக் கையால் என் தோளைக் குலுக்கினார். ஜில் கதவை விட்டு நகர்ந்து என் மேசைக்கு வந்து, கையை நீட்டினார். ஆப்பிள் இல்லை, வெறுங்கை. பிடித்துக் குலுக்கிவிட்டுத் தன் அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை. அவர் தொலைபேசியில் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"எங்கட முதல் வரைபடம் பிழை. நாங்கதான் பிழையா வச்சது. சரியானது இண்டைக்கே வரும். அந்த வரிசையை இனி விட்டு வைக்க வேண்டாம்."

குளிருக்கு முன்னரே அந்தக் குடும்பங்களைக் கிழக்குப் பக்கத்துப் புதிய கட்டடங்களுக்குக் கொண்டுபோனார்கள். என் ஒப்பந்தம் நிரந்தர வேலையானது. அன்று வாங்கிப் போன கேக்கை அம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "சரியா ஒட்டிட்டியா மனே?" என்று கேட்டார். ஓம் என்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ தாள்கள் என் கைக்கு வந்தன. தாளில் ஊரைக் கண்டால் முதலில், இந்த ஊர் எப்போதாவது எழுந்து போனதா என்று அங்கே இருக்கும் ஒருவரைக் கேட்டுவிட்டுத்தான் ஆணியைத் தொட்டேன். கல்கரியில் இருக்கும் உங்களுக்கும் நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

அடுத்த வசந்தத்தில் பனி உருகி நிலம் ஊறியபோது, அந்த முற்றம் சைக்கிள் கொட்டகையோடு உள்ளே போயிற்று. செங்கல் வரிசையின் ஒரு பக்கச் சுவரும் கூடவே சாய்ந்தது. உள்ளே ஒரு குஞ்சு குருமான் இல்லை. லின்னுடைய அப்பா பார்த்துவிட்டு வந்து மகளிடம் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து பெயர்ந்து போனவர்களையும் புதிய கட்டடத்தில் போய்ப் பார்த்தாராம். எப்படி இருக்கிறார்கள் என்று லின்னிடம் கேட்டேன்.

"திட்டுகிறார்களாம்," என்றார் லின். "சந்தை தூரமாம். மாடிப்படி செங்குத்தாம். முற்றமில்லாமல் கோவாவை எங்கே அடுக்குவது என்று, வரைபடம் கீறினவன் எவன் என்று கேட்டு, வரிசை முழுக்க ஒருவர் பாக்கியில்லாமல் திட்டுகிறார்களாம்."

ஒருவர் பாக்கியில்லாமல். நான் அதை லின்னிடம் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.